அம்பயர் வேலையில் நடிப்பு எவ்வளவு? (பேஸ்பால் இழை)

இரவுக்கழுகு

சில நாட்களாக ஒரு கேள்வி மண்டையைக் குடைகிறது. படத்தில் நடித்தவர், விளையாட்டு வர்ணனை செய்தவர், பேஸ்பால் அம்பயராக நின்றவர்: இந்த மூன்றையும் ஒரே ஆள் செய்திருக்கிறாரா?

இரண்டு இரண்டாகச் செய்தவர்கள் நிறையவே தட்டுப்படுகிறார்கள். பாப் யூக்கர் விளையாடினார், வர்ணனை செய்தார், நடித்தார், அம்பயர் இல்லை. ரான் லூசியானோ அம்பயர், பிறகு என்பிசியில் வர்ணனையாளர். நடிகர் என்று சொல்ல முடியாது (களத்தில் அவர் செய்ததை நடிப்புக் கணக்கில் சேர்க்காவிட்டால்). ஜோ வெஸ்ட் அம்பயர், கன்ட்ரி பாடகர், 1988இல் வந்த ஒரு நகைச்சுவைப் படத்தில் அம்பயராகவே தலைகாட்டினார்.

அடுத்த கேள்வி: இந்த மூன்று வேலைகளுக்கும் நடுவே ஏன் இவ்வளவு போக்குவரத்து? தெரிந்தவர்கள் கொட்டுங்கள். கிரிக்கெட் ஒப்பீடு கொஞ்சமாக இருந்தால் நல்லது. இழை அந்தப் பக்கம் போனால் திரும்பி வராது.

பழையபேப்பர்

உங்கள் பட்டியலில் முக்கியமான ஆள் விட்டுப்போயிருக்கிறார். ஆர்ட் பாசரெல்லா.

1941இல் அமெரிக்கன் லீக்கில் (மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்று, மற்றது நேஷனல் லீக்) அம்பயராகச் சேர்ந்தவர். நடுவில் போர்க்காலத்தில் ராணுவத்துக்குப் போய் வந்தார், 1953 வரை நின்றார். அவர் பெயர் பெரிதாக அடிபட்டது ஒரு தப்பான தீர்ப்பால். 1952 வேர்ல்டு சீரிஸ் (ஆண்டின் இறுதிப் போட்டித்தொடர்), ஐந்தாவது ஆட்டம், யாங்கீ ஸ்டேடியம், பத்தாவது இன்னிங்ஸ். யாங்கீஸ் பிட்சர் (பந்தெறிபவர்) ஜானி செயின் தரையோடு அடித்துவிட்டு முதல் பேஸுக்கு (ஓடித் தொட வேண்டிய முதல் தளம்) ஓடுகிறார். பாசரெல்லா அவுட் கொடுக்கிறார். பத்திரிகையில் வந்த புகைப்படத்தில் செயினின் கால் பேஸ் மேல் இருக்கிறது, பந்து இன்னும் டாட்ஜர்ஸின் முதல் பேஸ்காரர் ஹாட்ஜஸின் கையுறைக்கு வந்து சேரவில்லை. அந்த ஆட்டத்தை டாட்ஜர்ஸ் பதினோராவது இன்னிங்ஸில் 6-5 என்று ஜெயித்தார்கள். சீரிஸை யாங்கீஸ் ஜெயித்துவிட்டதால் பாசரெல்லா தலை தப்பியது.

அப்புறம் ஆள் கலிஃபோர்னியா போய்விட்டார். 1962இல் கேரி கிராண்டும் டோரிஸ் டேயும் நடித்த படம் ஒன்றில் அம்பயராகவே வருகிறார். டோரிஸ் டே யாங்கீஸ் டக்அவுட்டில் (வீரர்கள் உட்காரும் இடம்) உட்கார்ந்துகொண்டு அம்பயரைத் திட்டுவார். பக்கத்தில் இருக்கும் மிக்கி மாண்டிலிடம் கேட்பார், அவர் ஆமாம் சாமி போடுவார், உடனே வெளியே. ராஜர் மாரிஸ் முணுமுணுப்பார், அவரும் வெளியே. கடைசியாக யோகி பெர்ரா அம்பயர் சொன்னது சரிதான் என்பார். கிண்டல் செய்கிறாயா என்று அவரையும் வெளியே அனுப்புவார் பாசரெல்லா. மூன்று பேரும் நிஜமான யாங்கீஸ், அம்பயரும் நிஜமான அம்பயர். அந்தக் காட்சியில் நடிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான், ஆனால் சிரிப்பை வாங்குவது மற்ற நால்வர்.

எழுபதுகளில் சான் பிரான்சிஸ்கோ போலீஸ் தொடர் ஒன்றில் சார்ஜண்ட் செகுலோவிச் என்ற வேடத்தில் அடிக்கடி வந்தார். அந்தப் பெயருக்கு ஒரு கிளைக்கதை உண்டு. தொடரின் கதாநாயகர் கார்ல் மால்டனின் குடும்பப் பெயர் செகுலோவிச். தான் நடிக்கும் படங்களில் எங்காவது அந்தப் பெயரை நுழைத்துவிடுவது அவர் வழக்கம். அப்பாவுக்காகச் செய்ததாம்.

ஆக, அம்பயர் + நடிகர் என்றால் இவர்தான் முழு உதாரணம். மைக் பக்கம் இவர் போனதாகத் தெரியவில்லை.

மில்வாக்கி மணியன்

யூக்கரை ஒரே வரியில் கடந்துபோனதை நான் கண்டிக்கிறேன் 😄 இந்த ஊரில் இருந்துகொண்டு சும்மா இருக்க முடியாது.

யூக்கர் பேஸ்பாலில் சுமாரான கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்). ஆறு சீசன், பேட்டிங் சராசரி சரியாக .200, மொத்தம் 14 ஹோம் ரன். அந்த 14இல் ஒன்று பெரிய பிட்சரான சாண்டி கூஃபாக்ஸ் பந்தில். அதனால் கூஃபாக்ஸுக்கு ஹால் ஆஃப் ஃபேம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்ததாக வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். 1967இல் ஃபில் நீக்ரோவின் நக்கிள்பாலை (சுழலாமல் தள்ளாடி வரும் பந்து) பிடிக்க வேண்டிய வேலை. அந்த ஆண்டு நேஷனல் லீக்கிலேயே அதிகமாகப் பந்தைத் தவறவிட்ட கேட்சர் இவர்தான், 27 முறை. அதையும் கதையாக்கினார்: நக்கிள்பாலைப் பிடிக்க நல்ல வழி, அது உருண்டு நிற்கும்வரை காத்திருந்து எடுத்துக்கொள்வது.

1971இல் எங்கள் மில்வாக்கி அணியான ப்ரூவர்ஸின் வானொலி வர்ணனைக்கு வந்தார், 2024 சீசன் வரை விடவில்லை. நடுவில் ஏபிசி தொலைக்காட்சி, ஜானி கார்சன் நிகழ்ச்சியில் நூறு முறை போல விருந்தினர், 1985 முதல் 1990 வரை ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடரில் விளையாட்டுப் பத்திரிகையாளர் வேடம், 1989இல் ஒரு பேஸ்பால் படத்தில் குடித்துவிட்டு வர்ணனை செய்யும் ஆளாக வேடம். 2003இல் வர்ணனைக்கான ஃபோர்டு சி. ஃபிரிக் விருது. 2025 ஜனவரியில் 90 வயதில் போனார். மைதானத்தின் மேல்தட்டில் கடைசி வரிசையில் அவர் உட்கார்ந்திருப்பது போலச் சிலை இருக்கிறது. அவர் நடித்த பீர் விளம்பரத்தில் முன்வரிசைக்கு டிக்கெட் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு கடைசியில் அங்கே போய் உட்காருவார், அந்த நகைச்சுவைக்காக வைத்தது.

என் பாயிண்ட் இதுதான்: அவர் படத்தில் செய்ததும் வானொலியில் செய்ததும் வேறு வேறு இல்லை. படத்தில் பிட்சர் எறியும் பந்து ஒரு ஆள் உயரத்துக்குத் தள்ளிப் போகிறது, இவர் முகம் மாறாமல் கொஞ்சம்தான் தள்ளிப் போய்விட்டது என்கிறார். கண்ணுக்குத் தெரிவதற்கும் வாயில் வருவதற்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் காமெடி. வானொலியில் அந்த இடைவெளியை முழுக்க அவர் ஒருவரே கையில் வைத்திருந்தார்.

கறார்கந்தன்

யூக்கர் விஷயம் சரி. வர்ணனையும் நடிப்பும் சொந்தக்காரர்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். அம்பயரை அதில் சேர்க்காதீர்கள்.

நடிகருக்குச் சரி, தவறு என்று ஒரு விடை வெளியே கிடையாது. அம்பயருக்கு உண்டு. கால் முதலில் வந்ததா, பந்து முதலில் வந்ததா? ஒன்றுதான் உண்மை. அதைச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பவர்தான் நல்ல அம்பயர். ஆட்டம் முடிந்த பிறகு அவர் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்கக் கூடாது. லூசியானோ மாதிரி விரலைத் துப்பாக்கியாக நீட்டி ஓடுபவரைச் ‘சுட்டு’ அவுட் கொடுப்பதெல்லாம் ஆட்டக்காரனின் இடத்தைத் திருடுவது.

தேன்மொழி

பேஸ்பால் எனக்குப் புதிது, தம்பி அமெரிக்காவில் இருப்பதால் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு சந்தேகம். சில ஸ்ட்ரைக்குக்கு அம்பயர் சும்மா கையைக் காட்டுகிறார், சிலவற்றுக்கு வில்லை இழுப்பது போல உடம்பையே திருப்புகிறார். ‘பால்’ என்றால் கையே அசைவதில்லை. இதற்கு விதி இருக்கிறதா, அவரவர் மூடா?

கிரிக்கெட்டில் பில்லி பௌடன் வளைந்த விரலைக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அது ஸ்டைல் என்று நினைத்திருந்தேன், மூட்டுவாத நோயால் கை முழுதாக நிமிராமல் வந்தது என்று பிறகுதான் படித்தேன். (இத்தோடு கிரிக்கெட் முடிந்தது, அண்ணா அடிக்க வேண்டாம்.)

வார இறுதி அம்பயர்

தேன்மொழி கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். நியூ ஜெர்சியில் பிள்ளைகள் ஆட்டங்களுக்குச் சனி ஞாயிறுகளில் அம்பயராக நிற்பவன். சம்பளம் பெட்ரோலுக்குச் சரியாக இருக்கும், வசவு இலவசம்.

விதி உண்டு, மூடும் உண்டு. பந்து வெளியே போனால் குனிந்த நிலையிலேயே வாயால் மட்டும் ‘பால்’ என்கிறோம். பேட்டர் வீசித் தவறவிட்டால் கையை மட்டும் காட்டுகிறோம், சத்தம் கிடையாது. ஏன்? அவன் வீசியதை மைதானமே பார்த்துவிட்டது. நாம் கத்த அங்கே வேலை இல்லை. ஆனால் பேட்டர் வீசாமல் நின்று, பந்து ஸ்ட்ரைக் எல்லையின் மூலையைத் தொட்டுப் போனால், அது ஸ்ட்ரைக்தான் என்று அங்கே தெரிந்த ஆள் நாம் ஒருவர் மட்டுமே. பேட்டருக்கே சந்தேகம். பிட்சருக்கு ஆசை. அப்போதுதான் நிமிர்ந்து, குரல் கொடுத்து, கையை ஓங்குகிறோம். மூன்றாவது ஸ்ட்ரைக் (அத்தோடு பேட்டர் அவுட்) என்றால் அவரவர் முத்திரை: ஒருவர் வில் இழுப்பார், ஒருவர் மோட்டாரைக் கயிறு போட்டுக் கிளப்புவார்.

பேஸிலும் அப்படித்தான். பத்தடி தூரத்தில் அவுட் என்றால் கையை லேசாகத் தூக்குவோம். நூலிழை அவுட் என்றால்தான் கத்தல், முஷ்டி, எல்லாம்.

ஆக கந்தன் சார், நீங்கள் சொல்வதில் பாதிதான் சரி. எங்கே ஐயம் இருக்கிறதோ அங்கே மட்டும்தான் அம்பயர் நடிக்கிறார். வெட்டவெளிச்சமான இடத்தில் யாரும் குதிப்பதில்லை.

கறார்கந்தன்

நன்றி, என் பக்கத்து வாதத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். சந்தேகம் அதிகமாக இருக்கும் இடத்தில் சத்தம் அதிகம். அதாவது உங்களுக்குத் தெரியாததைக் குரலால் மூடுகிறீர்கள். இதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர் உண்டு.

வார இறுதி அம்பயர்

தெரியாததை மூடுவது இல்லை சார். எனக்குத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது. அந்த வித்தியாசம் முக்கியம்.

முதல் பேஸில் நிற்கும்போது நான் பந்தைப் பார்ப்பதே இல்லை. கண் பேஸ் மேல், ஓடுபவன் கால் மேல். காது கையுறை மேல். பந்து தோலில் விழும் ‘டப்’ சத்தம் முதலில் வந்ததா, கால் முதலில் வந்ததா என்று அதில்தான் முடிவு. கேலரியில் இருப்பவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு நான் கண்டதும் கேட்டதும் கிடைக்க வழியே இல்லை. பெரிய மைதானத்தில் கூட்டம் அலறும்போது அந்த ‘டப்’ எனக்கும் கேட்காது, அது தனிக் கொடுமை. பாசரெல்லா விஷயத்தில் என்ன நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வேர்ல்டு சீரிஸ் கூட்டத்தில் அந்த இடத்தில் நிற்பதற்கு என்னைக் கூப்பிட்டால் போக மாட்டேன்.

மேடைப்பிரியை

நான் பேஸ்பால் பார்ப்பதில்லை. தலைப்பில் நடிப்பு என்று இருந்ததால் உள்ளே வந்தேன்.

கந்தன் அவர்கள் நடிப்பு என்றால் பொய் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறார். மேடையில் கடைசி வரிசைக்காரருக்கும் புரிகிற மாதிரி ஒரு காரியத்தைச் செய்வதுதான் அடிப்படை. கோபம் உள்ளே நிஜமாகவே இருந்தாலும் அதைக் கடைசி வரிசைவரை கொண்டுபோக உடம்பு வேண்டும், குரல் வேண்டும், எந்த நொடியில் என்பது வேண்டும். மேலே அம்பயர் சொன்னதும் அதுதானே? முடிவு நிஜம். அதைக் கொண்டுசேர்ப்பது நடிப்பு.

ஒன்று கேட்க வேண்டும். தீர்ப்புக்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம் இருக்கிறதே, அது கற்றுக்கொடுப்பதா, தானாக வருவதா? யூடியூபில் நான்கைந்து பார்த்தேன், எல்லாரும் ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் கையைத் தூக்குகிறார்கள்.

பழையபேப்பர்

நிறுத்தம் பற்றி அம்பயர் நண்பர் சொல்லட்டும். நான் கந்தனுக்கு ஒரு பழைய சாட்சி தருகிறேன்.

பில் கிளெம். 1905 முதல் 1941 வரை நேஷனல் லீக்கில் நின்றவர், 18 வேர்ல்டு சீரிஸ் பார்த்தவர். அம்பயர்களின் பிதாமகர் என்றே சொல்லலாம். கறார் என்றால் அப்படிக் கறார். ஆனால் சண்டைக்கு வரும் மேனேஜர் முன்னால் காலணி நுனியால் மண்ணில் ஒரு கோடு கிழிப்பார், அதைத் தாண்டினால் வெளியே. ஒரு வார்த்தை பேச வேண்டாம், இருபதாயிரம் பேருக்கும் புரியும். இதை நடிப்பு என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? கேட்ஃபிஷ் என்று அவரைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வெளியேற்றுவார், அது வேறு கதை.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். ஏன் இவ்வளவு போக்குவரத்து? காரணம் கலை இல்லை, காசு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வேலை. சங்கம் வருவதற்கு முன்னால் சம்பளம் சொற்பம். குளிர்காலத்துக்கு ஏதாவது தேட வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸில் வீடு இருந்தால் அந்த ‘ஏதாவது’ ஸ்டுடியோவாக இருந்தது. படத்தில் பேஸ்பால் காட்சி வைத்தால் கேட்சர் பின்னால் சரியாகக் குனியத் தெரிந்த ஆள் அவர்களுக்கும் வேண்டியிருந்தது.

‘பீன்ஸ்’ ரியர்டன் அப்படித்தான். 1926 முதல் 1949 வரை நேஷனல் லீக் அம்பயர். புள்ளி போட்ட போ டை கட்டிக்கொண்டு நிற்பார். நடிகை மே வெஸ்டுக்கு நண்பர், அந்த நடிகையின் படங்களில் சின்னச் சின்ன வேடம். நார்மன் ராக்வெல் வரைந்து 1949 ஏப்ரலில் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் அட்டையில் வந்த ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள்: மூன்று அம்பயர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள், நடுவில் இருப்பவர் மழைத்துளி விழுகிறதா என்று கையை நீட்டியிருக்கிறார். அந்த நடு ஆள் ரியர்டன். ஓய்வுக்குப் பிறகு லாங் பீச்சில் பீர் ஏஜென்சி நடத்திக் காசு பார்த்தார், அதைக் கடைசியில் வாங்கியவர் ஃபிராங்க் சினாட்ரா.

சங்கம் பற்றிச் சொன்னதால்: 1968 செப்டம்பரில் ஆல் சலெர்னோ, பில் வாலண்டைன் என்ற இரண்டு அம்பயர்களை அமெரிக்கன் லீக் வேலையை விட்டுத் தூக்கியது. திறமை போதாது என்பது லீக் தலைவர் ஜோ க்ரோனின் சொன்ன காரணம். சங்கம் கட்ட முயன்றதுதான் காரணம் என்பது இவர்கள் கட்சி. அதற்குப் பிறகு இரண்டு லீக் அம்பயர்களும் ஒன்றாகச் சேர்ந்தார்கள், 1970 அக்டோபர் 3 அன்று பிளேஆஃப் முதல் நாளில் ஒரு நாள் வேலைநிறுத்தமே செய்தார்கள். சம்பளம் ஏற ஏற, குளிர்காலத்தில் கேமரா முன்னால் போய் நிற்க வேண்டிய தேவையும் குறைந்தது.

இரவுக்கழுகு

பழையபேப்பர் அண்ணா, இது போதும், இழை போட்ட பலன் கிடைத்துவிட்டது. ஆனால் கேள்வியை முடித்துவிடவில்லை. எம்மெட் ஆஷ்ஃபோர்டு பற்றி யாராவது எழுதுங்கள். பெயர் கண்ணில் பட்டது, விவரம் கொஞ்சம்தான் கிடைத்தது.

பழையபேப்பர்

ஆஷ்ஃபோர்டைக் கடைசிக்கு என்று வைத்திருந்தேன்.

மேஜர் லீக்கின் முதல் கறுப்பின அம்பயர். லாஸ் ஏஞ்சல்ஸ்காரர், தபால் அலுவலகத்தில் குமாஸ்தா. அந்த வேலையை விட்டுவிட்டு 1951இல் சிறு லீக்குகளில் நுழைந்தார். பதினைந்து ஆண்டு அங்கேயே ஓடியது. பசிபிக் கோஸ்ட் லீக்கில் தலைமை அம்பயர் ஆனார். அமெரிக்கன் லீக் கூப்பிட்டபோது வயது 51. கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு மேஜர் லீக் கதவைத் திறந்த ஜாக்கி ராபின்சன் ஆட வந்து 19 ஆண்டு கழிந்திருந்தது. ஆடலாம், தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று 19 ஆண்டு.

முதல் ஆட்டம் 1966 ஏப்ரல் 11, வாஷிங்டன். துணை ஜனாதிபதி ஹம்ஃப்ரி முதல் பந்தை எறிய வருவதால் காவல் கடுமை. ஆஷ்ஃபோர்டு வாசலில் தான் அம்பயர் என்று சொல்ல, மேஜர் லீக்கில் கறுப்பின அம்பயரே கிடையாதே என்றார்களாம் காவலர்கள். என்னை உள்ளே விட்டால் ஒருவர் இருப்பார் என்றாராம்.

உள்ளே போனபின் அவர் செய்தது முழு நாடகம். பளபளக்கும் ஷூ, சட்டைக்கையில் கஃப்லிங்க். இன்னிங்ஸ் முடிந்தால் மற்றவர் நடப்பார், இவர் ஓடுவார். வலது பக்கம் உயரே போன பந்தைத் துரத்தி ஆட்டக்காரனுக்கு ஈடாகப் பாய்வார். ஸ்ட்ரைக் கொடுத்தால் உடம்பு முழுக்க ஸ்ட்ரைக் கொடுக்கும். கூட்டம் அவரைப் பார்க்கவே வந்தது. சக அம்பயர்கள் சிலருக்கும் மேனேஜர்கள் சிலருக்கும் அது பிடிக்கவில்லை, கோமாளி என்றார்கள்.

1970 வேர்ல்டு சீரிஸில் இடம் கிடைத்தது. ஆறு அம்பயர்கள், ஆட்டத்துக்கு ஒருவர் முறை வைத்து பிளேட்டுக்கு (பேட்டர் நிற்கும் இடம்) பின்னால் நிற்பார்கள். ஆறாவது முறை இவருடையது. பால்டிமோர் ஐந்தே ஆட்டத்தில் முடித்துவிட்டது. அந்த சீசனோடு ஓய்வு. பிறகு தொலைக்காட்சியில் சில வேடங்கள். 1976இல் கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக இருந்த நீக்ரோ லீக் பற்றிய ஒரு படத்தில் அம்பயராக வந்தார். 1980இல் காலமானார், அஸ்தி பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில் இருக்கிறது.

கறார்கந்தன்

இவர் விஷயத்தில் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஆனால் முழுசாக இல்லை. பதினைந்து ஆண்டு சிறு லீக்கில் வைத்திருந்த ஒருவரைக் கூட்டம் கவனித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இருந்திருக்கலாம். அது அவர் நிலைமை. அதையே லூசியானோவுக்கும் பொருத்த முடியாது.

மில்வாக்கி மணியன்

லூசியானோவை இவ்வளவு சுலபமாகத் தள்ளாதீர்கள் தம்பி. நியூயார்க் மாநிலத்தில் எண்டிகாட் என்ற சின்ன ஊர்க்காரர், சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஆல்-அமெரிக்கன் ஃபுட்பால் வீரர். காயம் பட்டு அந்தக் கதவு மூடியது, அப்புறம் அம்பயர் பள்ளி, 1969 முதல் அமெரிக்கன் லீக் முழுநேர அம்பயர்.

ஆட்டம் நடக்கும்போதே பேட்டரோடும் கேட்சரோடும் ஓயாமல் பேசுவார். பால்டிமோர் மேனேஜர் ஏர்ல் வீவருக்கும் இவருக்கும் சிறு லீக் காலத்திலேயே பகை. 1975இல் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் வீவரை வெளியேற்றினார். இரண்டாவது ஆட்டம் தொடங்குவதற்கு முன் அணிப்பட்டியலைக் கொடுக்க வந்தார் வீவர். அங்கேயே மறுபடி வெளியேற்றினார். இன்னும் ஒரு பந்து எறியவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. உடம்பு சரியில்லாத நாட்களில், நம்பிக்கையான கேட்சர் இருந்தால் அவரையே பந்துகளைத் தீர்மானிக்கச் சொல்லியிருக்கிறார். ஸ்ட்ரைக் என்றால் கையுறையை ஒரு நொடி கூடுதலாக அசையாமல் பிடி, பால் என்றால் உடனே திருப்பி எறி, நான் அதைப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன் என்பது ஏற்பாடு. ஓய்வுக்குப் பிறகு எழுதிய புத்தகத்தில் தானே சொன்னது. ஒரே ஒரு முறை ஒரு பிட்சர் மட்டும் குறை சொன்னாராம்.

கறார்கந்தன்

மணியன் அண்ணா, நீங்கள் யார் கட்சி? 😂 இதைவிடப் பெரிய ஆதாரம் எனக்கு வேண்டாம். குரல் அம்பயருடையது, வசனம் கேட்சருடையது!

மேடைப்பிரியை

டப்பிங்.

மில்வாக்கி மணியன்

😄😄 சரி, அதை ஒப்புக்கொள்கிறேன்.

1980இல் அம்பயர் வேலையை விட்டு என்பிசிக்கு வர்ணனைக்குப் போனார். இரண்டு சீசனோடு முடிந்தது. களத்தில் அப்படிப் பேசியவர் மைக்கில் நிலைக்கவில்லை. எனக்குத் தோன்றுவது: களத்தில் அவர் பேச்சுக்கு எதிரே ஆள் இருந்தான். வீவர் இருந்தான், கேட்சர் இருந்தான். மைக்கில் ஆள் இல்லாமல் பேச வேண்டும். யூக்கருக்கு அது கைவந்தது, இவருக்கு வரவில்லை. புத்தகங்கள் நன்றாக விற்றன. 1995 ஜனவரியில் எண்டிகாட்டில் உயிரை மாய்த்துக்கொண்டார், 57 வயது. அந்தப் புத்தகங்களைப் படித்துச் சிரித்தவர்கள் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை.

தேன்மொழி

ஆள் இல்லாமல் பேசுவது என்றதும் ரீகன் ஞாபகம் வந்தது. ஜனாதிபதி ரீகன்தான். முப்பதுகளில் அயோவாவில் டபிள்யூஎச்ஓ வானொலியில் சிகாகோ கப்ஸ் ஆட்டங்களை வர்ணித்தாராம், மைதானத்துக்குப் போகாமலே. தந்தியில் வரும் துண்டுக் குறிப்பைப் பார்த்துக் கண்ணால் கண்ட மாதிரி பேசுவது வேலை. ஒரு நாள் தந்தி நின்றுவிட்டது. நேயர்களிடம் சொன்னால் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார்கள். அதனால் பேட்டர் பந்தை ஃபௌல் அடித்துக்கொண்டே இருப்பதாக ஆறேழு நிமிடம் ஓட்டினாராம். அவரே பல முறை சொன்ன கதை, எவ்வளவு மசாலா என்று தெரியாது. 1937இல் கப்ஸ் பயிற்சி முகாமுக்காகக் கலிஃபோர்னியா போனபோது ஸ்டுடியோவில் சோதனைப் படப்பிடிப்பு, அப்படித்தான் நடிகர் ஆனார். 1952இல் பேஸ்பால் பிட்சர் க்ரோவர் க்ளீவ்லாண்டு அலெக்சாண்டராகவும் நடித்தார்.

வர்ணனை + நடிப்பு. அம்பயர் மட்டும் இல்லை. ஜனாதிபதி வேலையைச் சிலர் அந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

இரவுக்கழுகு

புதிது என்று சொல்லிவிட்டு இப்படி இறக்குகிறீர்களே தேன்மொழி!

நான் முதலில் சொன்ன 1988 படத்தையும் இங்கே வைக்கிறேன், மேடைப்பிரியை கேட்பதற்குப் பொருத்தம். அதில் போலீஸ்காரரான கதாநாயகர் பிளேட் அம்பயராக வேடம் போட்டு மைதானத்துக்குள் நுழைகிறார். ஆட்டம் தெரியாது. முதல் பந்துக்கு என்ன செய்வது என்று விழித்துவிட்டுத் தயங்கித் தயங்கி ஸ்ட்ரைக் என்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. அடுத்ததற்கு இன்னும் கொஞ்சம் சத்தம். அப்புறம் ஆடவே ஆரம்பித்துவிடுகிறார், பந்து எங்கே போனது என்ற கவலையே இல்லை. டாட்ஜர் ஸ்டேடியத்தில் எடுத்தது. உண்மையான அம்பயர் ஜோ வெஸ்டும் அதே காட்சியில் நிற்கிறார். அதே வெஸ்ட் 2021இல் பில் கிளெமின் சாதனையைத் தாண்டி, மொத்தம் 5,460 ஆட்டங்களோடு ஓய்வு பெற்றார்.

கறார்கந்தன்

அந்தக் காட்சி என் வாதத்துக்குத்தான் வலு. கைதட்டு கிடைத்தால் பந்து மறந்துபோகும்.

சரி, இப்போதைக்கு வாருங்கள். 2022 முதல் ரீப்ளே முடிவை அம்பயரே மைக் மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு அறிவிக்கிறார். 2026 சீசனில் இருந்து ஸ்ட்ரைக், பால் தீர்ப்பையே ஆட்டக்காரர் எதிர்த்துக் கேட்கலாம்: அணிக்கு இரண்டு முறை, ஜெயித்தால் அது கழியாது. பேட்டரோ பிட்சரோ கேட்சரோ தலையைத் தட்டினால் போதும், கேமராக் கணக்கு திரையில் வந்துவிடும். ஐயம் இருக்கும் இடத்தில்தான் நடிப்பு என்றார் அம்பயர் நண்பர். ஐயத்தை இயந்திரம் எடுத்துக்கொண்டால் மிச்சம் என்ன?

மில்வாக்கி மணியன்

மிச்சம் வர்ணனை! மைக் கையில் வந்துவிட்டதே. கழுகு கேட்ட மூன்றும் ஒரே ஆளிடம் சேரும் காலம் இனிமேல்தான் போலிருக்கிறது 😄

பழையபேப்பர்

ஒரு சின்னச் சேர்க்கை. 2025 ஆகஸ்ட் 9 அன்று அட்லாண்டாவில் மேஜர் லீக்கின் முதல் பெண் அம்பயராக ஜென் பாவோல் நின்றார், மறுநாள் பிளேட்டுக்குப் பின்னால். அவர் முன்பு ஓவிய ஆசிரியை. ஆக, அம்பயருக்கு வேறொரு தொழில் இருக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை, ஸ்டுடியோவின் வகை மட்டும் மாறியிருக்கிறது.

வார இறுதி அம்பயர்

கந்தன் சாருக்கு: தலையைத் தட்டுவதற்கு முன்னால் நான் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தீர்ப்பைப் பார்த்துத்தான் எதிர்ப்பதா, தங்களுக்குள்ள இரண்டில் ஒன்றை வீணாக்க வேண்டாமா என்று அவர்கள் யோசிக்கிறார்கள். தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினால் தட்டத் தோன்றும். நின்று சொன்னால் யோசிப்பார்கள். எங்கள் பிள்ளைகள் ஆட்டத்தில் இயந்திரம் இல்லை, அப்பாமார்கள் இருக்கிறார்கள். அங்கேயும் இதே கணக்குதான்.

மேடைப்பிரியை கேட்ட நிறுத்தத்தை மறந்துவிட்டேன். அது கற்றுக்கொடுப்பது. பந்து கையுறைக்குள் வந்தபின் அது உள்ளேயே நிற்கிறதா, கீழே விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை மேலே போக வேண்டும். சீக்கிரம் தூக்கிய கையை இறக்குவது போல அசிங்கம் வேறு கிடையாது. பயிற்சியில் எங்களுக்கு முதல் வாரம் முழுக்க இதுதான்: பார், நிறுத்து, பிறகு சொல். தப்பாகப் போன தீர்ப்புகளில் பெரும்பாலானவை கண்ணால் அல்ல, அவசரத்தால் வருபவை.

மேடைப்பிரியை

எங்கள் ஒத்திகையிலும் இதையேதான் கத்துவார்கள். எந்தக் கிழமை ஆட்டம் வைக்கிறீர்கள்? என் அக்கா மகன் எடிசன் பக்கம்தான் இருக்கிறான், வந்து திட்டச் சொல்கிறேன்.